சென்னையிலிருந்து வெளியூருக்கு வீடு மாறும்போது மீன்களைப் பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி?

வீடு மாறப்போகும் மீன் பிரியர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பையில் எத்தனை மணி நேரம் தாங்கும்?" ஆக்சிஜன் அடைத்து ஒழுங்காகக் கட்டிய பையில் சின்ன மீன் ஒரு நாள் முழுக்கத் தாங்கும். சென்னை கொளத்தூரில் இருக்கும் வண்ண மீன் கடைகளில் இருந்து வெளியூர்களுக்கு மீன் அப்படித்தான் போகிறது. சென்னையில் இருந்து கோவைக்குச் சுமார் 500 கிலோமீட்டர், காரில் எட்டு ஒன்பது மணி நேரம். அந்தப் பயணத்தை மீன் எளிதாகக் கடந்துவிடும். புது வீட்டில் தொட்டி வைத்து, எல்லாரும் "அப்பாடா" என்று உட்கார்ந்த பிறகு, மூன்றாம் நாள் நான்காம் நாள் ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பிப்பதுதான் சிக்கல்.

காரணம் பெரும்பாலும் ஃபில்டர். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையத்திலும்தான் குடியிருக்கிறது. மீனைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர்கள் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவி, காயவைத்து, பாத்திரங்களோடு மூட்டை கட்டிவிடுகிறார்கள். அதனால் இங்கே மீனுக்கு எவ்வளவு இடமோ, அதே அளவு ஃபில்டருக்கும் உண்டு.

கோவைக்குப் போகும் குடும்பம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மதுரை, நெல்லை, பெங்களூரு போகிறவர்களுக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

எப்போது கிளம்புவது

ஆடியிலும் மார்கழியிலும் நாம் குடிபோக மாட்டோம். மீனைக் கேட்டால் மார்கழியைத்தான் கேட்கும். சென்னையில் அதைவிட இதமான மாதம் இல்லை. நடைமுறையில் பள்ளி விடுமுறையைப் பார்த்து ஏப்ரல், மே மாதத்தில்தான் பல வீடுகள் மாறுகின்றன. கத்திரி வெயில் காலம் மீனுக்கு மிக மோசமான நேரம். 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். அதே சூட்டில் மீன் வேகமாக மூச்சு வாங்கும், கழிவும் அதிகம் விடும்.

கோடையில் மாறித்தான் ஆக வேண்டும் என்றால் விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புங்கள், அல்லது இரவுப் பயணமாக வையுங்கள். தூக்கம் தாங்கும் ஓட்டுநர் இருந்தால் இரவுதான் சிறந்தது. இருட்டில் மீன் அமைதியாக இருக்கும், சுங்கச்சாவடியில் நின்றாலும் வெயில் இல்லை.

இரண்டு வாரம் முன்பே செய்ய வேண்டியவை

முதல் வேலை, புது வீட்டுத் தண்ணீர். அங்கே இருக்கும் உறவினரையோ வீட்டுக்காரரையோ ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீர் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். பிஹெச்சும் (அமில, காரத் தன்மை) டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பார்த்துவிடுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் கடினமுமாக (சுண்ணாம்புச் சத்து அதிகமாக) இருக்கும். கோவையில் சிறுவாணி வரும் பகுதி என்றால் அது மிக மென்மையான தண்ணீர். கடினத் தண்ணீரில் வளர்ந்த மோலி, ஃப்ளவர்ஹார்ன் போன்றவை திடீரென்று அதில் விழுந்தால் தடுமாறும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் வைத்திருப்பவர்களுக்கு நேர்மாறு: மென்மையான தண்ணீர் அவற்றுக்கு நல்லதுதான். ஆனால் அந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். எங்கே போனாலும் அந்தத் தெருவில் வருவது ஆற்றுத் தண்ணீரா, போரா, லாரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

இரண்டாவது, கூடுதலாக ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி இப்போதே தொட்டியில் ஓடவிடுங்கள். மூன்று நான்கு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. பாக்டீரியா அதில் ஏறியிருக்கும். லாரி தாமதமானால் இந்தச் சின்ன ஃபில்டர்தான் உங்களைக் காப்பாற்றும்.

மூன்றாவது, இந்த இரண்டு வாரத்தில் மெயின் ஃபில்டரைக் கழுவாதீர்கள், புது மீன் வாங்காதீர்கள். தண்ணீர் மட்டும் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றுங்கள். கடைசி நாளில் "போகிற இடத்தில் சுத்தமாக இருக்கட்டும்" என்று முழுத் தொட்டியையும் கழுவுவது வேண்டாத வேலை.

நான்காவது, எல்லா மீனையும் கொண்டுபோக வேண்டுமா என்று யோசியுங்கள். ஒரு அடி நீளம் வளர்ந்த ஆஸ்கரையோ சக்கர் மீனையோ தெரிந்த கடைக்காரரிடமோ பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுவது சில நேரம் நல்ல முடிவு. ஏரியிலோ குளத்திலோ கோயில் தெப்பத்திலோ விடுவது மட்டும் கூடாது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் சக்கர் மீன் ஏற்கெனவே பெருகி, அதன் முரட்டுச் செதிலால் மீனவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் வாங்கி வைக்க வேண்டியவை: தெர்மகோல் பெட்டி, தடிமனான பிளாஸ்டிக் பைகள், ரப்பர் பேண்டு, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப், ஆன்டி குளோரின் (குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் மருந்து), அம்மோனியா, நைட்ரைட் டெஸ்ட் கிட், மூடியுள்ள 20 லிட்டர் வாட்டர் கேன்கள். கேன்தான் சென்னை வீடுகளில் இருக்கவே இருக்கிறதே, நான்கைந்து காலிக் கேன்களைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவிய எதுவும் வேண்டாம்.

பட்டினி போடுங்கள்

நம் வீடுகளில் பாட்டிகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்: "ஊருக்குப் போற ஜீவனுக்குச் சாப்பாடு போடாம அனுப்பறதா?" ஆனால் பைக்குள் போகும் மீனுக்குப் பட்டினிதான் பாதுகாப்பு. கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே தீனியை நிறுத்துங்கள். கோல்டு ஃபிஷ், கோய், ஆஸ்கர் மாதிரி அதிகம் கழிவு போடும் மீனுக்கு 48 மணி நேரம். ஆரோக்கியமான வளர்ந்த மீனுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. சில நாட்களே ஆன குஞ்சுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்குக் கொஞ்சம் தீனி போட்டு, பையில் தண்ணீரைத் தாராளமாக வையுங்கள்.

பைக்குள் என்ன நடக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். மூடிய பையில் மீன் மூச்சு விட விட, கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் சேர்ந்து பிஹெச் இறங்கும். இன்னொரு பக்கம் அம்மோனியா ஏறிக்கொண்டே போகும். இந்த இரண்டும் ஒன்றாக நடப்பது நம் அதிர்ஷ்டம். பிஹெச் 7-க்குப் பக்கத்தில் இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வடிவில் இருக்கும். பிஹெச் 8-க்கு ஏறினால், நம் ஊர்ச் சூட்டில், நச்சுப் பங்கு ஐந்து, ஆறு, ஏழு என்று போய்விடும்.

பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஹெச் ஏறும், அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நச்சாக மாறும். ஆகவே வழியில் பையை அவிழ்த்துப் பார்க்கவே கூடாது. விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்தும்போது "கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்று திறப்பது உதவி இல்லை, உபத்திரவம்.

கட்டும் முறை

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன். தண்ணீர் அதிகம் இருந்தால் மீனுக்கு நல்லது என்று தோன்றும். மீன் உயிரோடு இருப்பது மேலே இருக்கும் ஆக்சிஜனால். தண்ணீர் அதன் உடம்பு மூழ்கித் திரும்பும் அளவுக்கு இருந்தால் போதும்.

ஆக்சிஜன் சிலிண்டர் வீட்டில் இருக்காது. கிளம்பும் நாளன்று மீன்களை மூடியுள்ள பக்கெட்டில் பக்கத்து மீன் கடைக்குக் கொண்டுபோய் அடைத்து வாங்குவதுதான் வழி. வழக்கமாக வாங்கும் கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். ஆக்சிஜன் கிடைக்கவில்லை, வெறும் காற்றுதான் என்றால் மீன் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், ஆறேழு மணி நேரத்துக்கு மேல் நம்பாதீர்கள். வாயால் ஊதி நிரப்பாதீர்கள்; நம் மூச்சில் இருப்பது மீனுக்கு வேண்டாத கார்பன் டை ஆக்சைடு.

தண்ணீர் பழைய தொட்டியில் இருந்தே எடுங்கள், ஆனால் கூழாங்கல்லைக் கலக்குவதற்கு முன்னால். பையின் இரு மூலைகளையும் ரப்பர் பேண்டு போட்டு உருண்டையாக்கிவிடுங்கள். கப்பி, டெட்ரா மூலைக்குள் மாட்டி நசுங்காமல் இருக்கும். ஒரு பைக்கு மேல் இன்னொரு பை, தலைகீழாக. இரண்டுக்கும் நடுவில் செய்தித்தாள் சுற்றினால் இருட்டும் கிடைக்கும், ஒழுகினால் தெரியவும் செய்யும்.

எத்தனை மீன் போடலாம்? கப்பி, டெட்ரா என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு நான்கைந்து. கட்டை விரல் நீளத்துக்கு மேல் போனால் பைக்கு ஒன்று. ஏஞ்சல் போன்ற சண்டைக்கார மீன்களைச் சேர்த்துப் போடாதீர்கள். இடமில்லாத இடத்தில் சண்டை வந்தால் ஓட வழி இருக்காது. கடைக்காரர்கள் இதைவிட நெருக்கிப் போடுவார்கள். அது அவர்களுக்கு வியாபாரக் கணக்கு, நமக்கு அந்த அவசியம் இல்லை.

லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு, அதாவது ஐந்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், மீனின் பதற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும். கெளுத்தி இனங்களுக்கும் லோச் மீன்களுக்கும் வேண்டாம்.

தனியாகக் கவனிக்க வேண்டிய மீன்கள்

ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன்கள். அவற்றின் பையில் சாதாரணக் காற்று போதும். ஒரு ஃபைட்டர் ஒரு பையில், மேலே நிறையக் காற்றிடம் விட்டுக் கட்டுங்கள்.

சக்கர், பிக்டஸ் கெளுத்தி மாதிரி முள் உள்ளவை பையை ஓட்டை போட்டுவிடும். வலையிலும் சிக்கிக்கொள்ளும். இவற்றை ஒரு டப்பாவை விட்டு மொண்டு எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர், பெரிய கோல்டு ஃபிஷ்ஷுக்கு 20 லிட்டர் பக்கெட், ஆளுக்கு ஒன்று. பாதித் தண்ணீர், மூடியில் துளை, உள்ளே பேட்டரி ஏர் பம்ப்பின் குழாய். பெயிண்ட் வந்த பக்கெட் எவ்வளவு கழுவியிருந்தாலும் வேண்டாம். அரோவானா வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தாமாகச் செய்ய முயல வேண்டாம். துள்ளினால் மூடியோடு போகும். விற்ற கடையிலேயே கட்டித் தரச் சொல்லுங்கள்.

இறால் இருந்தால் பையில் ஒரு கொத்து பாசி போடுங்கள், பிடித்துக்கொள்ள.

கிளம்பும் நாள்: தொட்டியைக் காலி செய்யும் வரிசை

மற்ற எல்லாச் சாமானும் கட்டிய பிறகு கடைசியாகத் தொட்டிக்கு வாருங்கள்.

1. ஹீட்டர் இருந்தால் அணைத்து அரை மணி நேரம் தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். சூடாக வெளியே எடுத்தால் கண்ணாடி வெடிக்கும்.
2. கேன்களில் பழைய தண்ணீரை நிரப்புங்கள். முடிந்தவரை தொட்டியின் பாதி அளவு.
3. செடி, கட்டை, பொம்மைகளை எடுங்கள். செடிகளை ஈரச் செய்தித்தாளில் சுற்றி பையில் போட்டால் ஒரு நாள் தாங்கும்.
4. தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு மீனைப் பிடியுங்கள். முழுத் தண்ணீரில் வலையோடு துரத்தினால் மீன் பயணத்துக்கு முன்பே களைத்துப்போகும்.
5. ஃபில்டரைக் கடைசியாக நிறுத்துங்கள். ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்களை மட்டும் எடுத்து, அடியில் கொஞ்சம் பழைய தண்ணீரோடு, காற்று நிறைய இருக்கும் பெரிய டப்பாவில் போடுங்கள். மூழ்க வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும்.
6. கூழாங்கல்லை வாளியில் எடுங்கள். தொட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள்.

ஐந்தாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா வகை) தண்ணீரோடு மூடி அப்படியே வண்டியில் ஏற்றுபவர்கள் உண்டு. உள்ளே ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். நல்ல பாக்டீரியா சாகும். திறக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஓடவிட்டால் மீனுக்கு விஷம். ஈரமும் காற்றும் இருந்தால் அதே பாக்டீரியா ஒரு நாள் பயணத்தைத் தாங்கும். இந்த டப்பா மீன் பெட்டியோடு காரில் வரட்டும், லாரியில் வேண்டாம்.

ஆறாவதில் சோம்பல் வந்தே தீரும். "கால்வாசித் தண்ணீரும் கல்லும் இருக்கட்டும், நாலு பேர் தூக்கிடலாம்." தூக்கிவிடலாம்தான். ஆனால் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள சின்னத் தொட்டியே 56 லிட்டர் பிடிக்கும். கால்வாசி என்றாலே 14 கிலோ, கல்லின் எடை தனி. சாலைக் குலுக்கலில் அது அலை அடித்து சிலிக்கான் ஒட்டை இழுக்கும். வெறும் தொட்டியை அடியில் தெர்மகோல் ஷீட் வைத்து, நிமிர்த்திய நிலையிலேயே ஏற்றுங்கள். உள்ளே எதையும் அடைத்து வைக்க விடாதீர்கள். லாரிக்காரர்கள் காலி இடத்தைப் பார்த்தால் குக்கரை வைத்துவிடுவார்கள்.

வண்டியில்

தெர்மகோல் பெட்டி முன் இருக்கைக்குப் பின்னால், தரையில். டிக்கியில் வேண்டாம், செடான் கார்களில் ஏசி அங்கே போகாது. பைகளுக்கு நடுவே செய்தித்தாள் கசக்கி அடைத்தால் உருளாது. கோடையில் ஒரு ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரத்தில் வைக்கலாம், ஆனால் பையைத் தொடக்கூடாது. 24 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் சரி. சாப்பிட நிறுத்தினால் வண்டியில் ஒருவர் ஏசியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் ஜன்னல் மூடி நிற்கும் கார் அரை மணி நேரத்தில் அடுப்பாகிவிடும்.

பெங்களூருக்கு டிசம்பரில் போகிறவர்களுக்குப் பிரச்சினை நேரெதிர். அங்கே இரவில் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கும். பெட்டியை நன்றாக மூடுங்கள். சென்னையில் ஹீட்டர் இல்லாமல் வளர்த்தவர்கள் அங்கே போனதும் முதலில் வாங்க வேண்டியது ஹீட்டர்.

ஆம்னி பஸ்ஸில் போவதென்றால் பெட்டியைக் கீழே லக்கேஜ் அறையில் போட அனுமதிக்காதீர்கள். கால் அடியில் வைக்கும் அளவுக்குப் பெட்டியைச் சின்னதாக்க முடியாவிட்டால், வாடகைக் காரே மேல்.

போய்ச் சேர்ந்ததும்

பால் காய்ச்சியதும் அடுத்த வேலை தொட்டிதான். லாரி வந்துவிட்டிருந்தால் தொட்டியை அதன் இடத்தில் வைத்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஒழுகுகிறதா பாருங்கள். பிறகு கல், பழைய கேன் தண்ணீர், மீதிக்கு ஆன்டி குளோரின் போட்ட புதுத் தண்ணீர். ஃபில்டரை மாட்டி ஓடவிடுங்கள்.

லாரி வரவில்லையா? பல குடும்பங்களின் சாமானை ஒரே வண்டியில் ஏற்றுபவர்கள் இரண்டு மூன்று நாள்கூட எடுத்துக்கொள்வார்கள். மீனைப் பையிலேயே காக்க வைக்காதீர்கள். அந்த ஊரிலேயே 60, 80 லிட்டர் பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கி, கேன் தண்ணீரை ஊற்றி, காரில் கொண்டுவந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் போட்டால் ஒரு வாரம்கூட ஓட்டலாம். மேலே ஒரு துணி போட்டு மூடுங்கள், குதிக்கும்.

பழைய தண்ணீரைச் சுமந்து வந்தது பாக்டீரியாவுக்காக என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் அது மிகக் குறைவு. பழைய தண்ணீர் பாதி இருந்தால் தொட்டியின் பிஹெச்சும் கடினமும் மீன் பழகியதற்குப் பக்கத்தில் இருக்கும், அதற்காகத்தான். இது இருப்பதால் மீனைச் சீக்கிரம் விட முடியும். விளக்கை அணைத்துவிட்டு, பையை மூடியபடியே 20 நிமிடம் மிதக்கவிடுங்கள், சூடு சமமாகட்டும். திறந்த பிறகு தாமதிக்காதீர்கள்: மீனை வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள், பைத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். கடையில் வாங்கிய மீனுக்குச் செய்வதுபோல் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது பத்து மணி நேரம் பூட்டியிருந்த பைக்குப் பொருந்தாது. காரணம் மேலே சொன்ன அம்மோனியாதான். இறாலுக்கு மட்டும் நான் சொட்டு முறையைத் தேர்ந்தெடுப்பேன், அது விடும் கழிவு மிகக் குறைவு.

அதற்குப் பின் இரண்டு வாரம்

முதல் நாள் விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மீன் நிறம் வெளுத்து மூலையில் நின்றால் பயப்படாதீர்கள், ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும். இரண்டாம் நாளில் இருந்து வழக்கத்தில் கால் பங்கு தீனி.

அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் பாருங்கள். அம்மோனியா 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தாண்டினாலோ நைட்ரைட் தலைகாட்டினாலோ கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் ஆன்டி குளோரின் மறக்காமல். இப்படி மாற்ற மாற்றத் தொட்டி மெதுவாகப் புது ஊர்த் தண்ணீருக்கும் மாறிவிடும். மோலி, ஃப்ளவர்ஹார்ன் வைத்திருந்து மென்மையான தண்ணீர் வரும் பகுதிக்குப் போனவர்கள் இந்த நேரத்தில் ஃபில்டருக்குள் ஒரு பிடி சுண்ணாம்புத் தன்மையுள்ள பவளக் கற்களைப் போட்டு வைக்கலாம், கடினமும் பிஹெச்சும் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் டெஸ்ட் கிட்டைத் தேடுவதற்கு முன்பே தண்ணீரை மாற்றிவிடுங்கள். தொடர்ந்து ஒரு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் முழுத் தீனிக்குத் திரும்பலாம். புது ஊரில் புது மீன் வாங்குவதை மட்டும் ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.